பொருந்தல் நெல்லும் கோர்டியன் வாற்கோதுமையும்

தென்கிழக்கே சிறுமலையும் தென்மேற்கே பழனிமலைத் தொடரும் எல்லை வகுக்க, இடையில் விரிந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளி, வைகைக்கும் காவிரிக்கும் நடுவே அமைந்த நீர்ப்பிரி மேடாகும். கீழ்ப்பழனி மலைகளில் பிறக்கும் குடகனாறு வடக்கு நோக்கி ஓடி அமராவதியோடு கலந்து காவிரிக்குச் செல்ல, அதே மலைகளின் மறுபக்கத்தில் பிறக்கும் மஞ்சளாறும் மருதாநதியும் வைகையைச் சேர்கின்றன. மதுரையிலிருந்து சேரர் தலைநகரான கரூருக்கும், கொங்கு நாட்டின் வழியே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேலைக் கடற்கரைத் துறைமுகங்களுக்கும் செல்ல வேண்டிய வணிகர்களுக்கு இந்த மேட்டுநிலமே இயல்பான வாயிலாக இருந்தது. 1605ஆம் ஆண்டு முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் திண்டுக்கல் பாறைமீது கோட்டை எழுப்பியதற்கும், திருமலை நாயக்கர் அதை வலுப்படுத்தியதற்கும், 1755இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்து அமர்ந்ததற்கும், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஆங்கிலேயர் இதைக் கேட்டுப் பெற்றதற்கும் காரணம் ஒன்றே: இந்த வாயில் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கையில் மதுரைக்கும் கொங்குக்குமான போக்குவரத்து இருக்கும். கோட்டையின் கதை நானூறு ஆண்டுப் பழமை உடையது. அது காவல் காத்த வழியோ இரண்டாயிரம் ஆண்டுக்கும் மூத்தது. அந்தப் பழைய வழியின் மேற்கு முனையில், மலையடிவாரத்தில் கிடைத்த ஒரு கல்லறையையும், அதற்குள்ளிருந்த ஒரு சாடி நெல்லையும் பற்றியதே இப்பகுதி.

பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில், பொருந்தலாற்றின் கரையில் அமைந்துள்ளது பொருந்தல். சங்கப் புலவர் பொருந்தில் இளங்கீரனாரின் ஊர் இதுவே என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பொதினி எனச் சங்க நூல்கள் குறிக்கும் பழனியை ஆண்ட ஆவியர் குடியினரும், அவர்களுள் புகழ்பெற்ற வையாவிக் கோப்பெரும் பேகனும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்களே. பழனிக்கு அருகிலுள்ள கலயம்புத்தூரில் 1856ஆம் ஆண்டு அறுபதுக்கும் மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகள் ஒரு புதையலாகக் கிடைத்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மலையடிவாரச் சிற்றூர்களாக இன்று தோன்றும் இவ்விடங்கள் ஒருகாலத்தில் நெடுவழியின்மேல் அமைந்த செழிப்பான குடியிருப்புகள் என்பது தெளிவாகும். பொருந்தலில் மக்கள் வாழ்ந்த பழைய மேட்டை ஊரார் பாசிமேடு என்று அழைக்கின்றனர். மழை பெய்து மண் அரிக்கும்தோறும் அங்கே சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சிறு சிறு பாசிமணிகள் வெளிப்படுவதே அப்பெயருக்குக் காரணம். அகழாய்வாளர் வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே ஊர்மக்கள் அந்த மேட்டின் தன்மையைச் சரியாக அறிந்து பெயரிட்டிருந்தனர் என்பது குறிக்கத்தக்கது.

பழனிமலையின் மேற்பரப்பில் பழைய ஈமச் சின்னங்களான கல்திட்டைகள் உள்ளன. அவற்றை இயேசு சபைத் துறவியர் ஆங்கிலேடும் நியூட்டனும் சுற்றித் திரிந்து ஆய்ந்து எழுதிய நூல், இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக 1928ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆயின் மலைக்குக் கீழே, உழவு நிலங்களுக்கு நடுவே சிதறிக் கிடந்த கல்வட்டங்கள் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. அவை வயற்காட்டில் கிடக்கும் கற்குவியல்களாகவே பார்க்கப்பட்டன. இந்நிலையை மாற்றியவர் புதுவைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைப் பேராசிரியர் கா. ராஜன் ஆவார். அவர் தலைமையிலான குழு, செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் நிதியுதவியோடு, 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் பொருந்தலில் அகழாய்வு நடத்தியது. வாழ்விடமான பாசிமேட்டிலும், ஈமக்காட்டில் தேர்ந்தெடுத்த நான்கு கல்லறைகளிலும் பணி நடந்தது.

இவ்வகைக் கல்லறையின் அமைப்பைச் சற்று விரிவாகக் காண்பது தேவை. தரையில் ஆழமான குழி வெட்டி, அதனுள் நான்கு பக்கமும் பெரிய கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பலகை அடுத்த பலகையைத் தாங்கும்படி முட்டுக் கொடுத்து, அறை போன்ற ஒரு பெட்டியை உருவாக்குவர். இதுவே கல்பதுக்கை அல்லது கல்லறை எனப்படுகிறது. சில கல்லறைகளில் உள்ளே மற்றொரு பலகையைக் குறுக்கே நிறுத்தி அறையை இரண்டாக, மூன்றாகத் தடுப்பதும் உண்டு. ஒரு பக்கப் பலகையில் வட்டமாகவோ அரைவட்டமாகவோ ஒரு துளை இடப்படும், அது இடுதுளை. அறைக்குள் எலும்புகளும் படையல் பொருள்களும் வைக்கப்பட்ட பின், மேலே கனத்த மூடுகல் ஏற்றப்பட்டு, மண்ணும் சிறுகற்களும் கொட்டி மேடாக்கி, அதைச் சுற்றிப் பெரிய உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்குவர். இந்த வெளிவட்டமே வயலில் நடப்பவர் கண்ணுக்குப் படும் கல்வட்டம். உலோகக் கருவியும் மனித வலிமையும் தவிர வேறு துணையில்லாத காலத்தில், பல டன் எடையுள்ள பலகைகளை உடைத்து, இழுத்து வந்து, குழிக்குள் இறக்கி நிறுத்த வேண்டுமானால் ஊர் முழுவதும் கூடி உழைத்திருக்க வேண்டும். இறந்தவர் ஊரில் பெற்றிருந்த மதிப்பை அந்தக் கற்களின் எடையைக் கொண்டே அளந்துவிடலாம்.

பொருந்தலின் முதலாம் கல்லறையைத் திறந்தபோது, கருப்பு சிவப்பு மட்கலங்கள், இரும்புப் பொருள்கள், சூதுபவளம், அகேட், பளிங்கு முதலிய கற்களில் செய்த ஆயிரக்கணக்கான மணிகள் ஆகியன வெளிப்பட்டன. அவற்றோடு நான்கு கால்களுடைய ஒரு சாடியும் இருந்தது. அதனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல், உமியோடு, காலத்தால் கறுத்து அப்படியே கிடந்தது. பானைகள் உருண்டுவிடாமல் இருக்க அடியில் வைக்கும் பிரிமனைகள் இரண்டும் அதே கல்லறையில் கிடைத்தன. அந்தப் பிரிமனைகளின் மீது தமிழ் பிராமி எழுத்துகளில் ‘வய்ர’ என்று கீறப்பட்டிருந்தது. அதை ஒட்டி மணி போன்ற ஒரு குறியீடும் காணப்பட்டது. அது இறந்தவரின் பெயரா, அவர் வணிகம் செய்த மணிக்கல்லின் பெயரா, தமிழ் வடிவமா, பிராகிருதச் சாயல் உடையதா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயின் வாசிப்பைக் காட்டிலும் பெரிய செய்தி வேறொன்று: எழுத்துப் பொறித்த கலமும், காலத்தைக் கணிக்கத்தக்க தானியமும், மூடுகல்லின் கீழ் ஒரே அறைக்குள் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன என்பதே அது. தமிழக அகழாய்வுகளில் இத்தகைய வாய்ப்பு அரிது. வாழ்விட மேடுகளில் எழுத்துள்ள பானை ஓடு ஒரு மண்ணடுக்கில் கிடைக்கும். கரித்துண்டு அதே அடுக்கில் சற்றுத் தள்ளிக் கிடைக்கும். எலி வளையும் குப்பைக் குழியும் மண்ணைப் புரட்டிப் போட்டிருக்கக் கூடும் என்ற ஐயம் எப்போதும் தொடரும். கல்லறைக்கு அந்த ஐயம் பெருமளவு பொருந்தாது.

நெல்மணிக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. உயிரோடிருக்கும் தாவரம் காற்றிலிருந்து கரியமிலவாயுவை உள்ளிழுக்கையில் கதிரியக்கக் கரியையும், அதாவது கார்பன்-14 என்னும் ஐசோடோப்பையும், சிறிதளவு சேர்த்துக்கொள்கிறது. அது இறந்த நாளிலிருந்து அந்தக் கரி சீராகக் குறைந்து, ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியதை அளந்து காலத்தைக் கணிக்கும் இம்முறையை 1940களின் இறுதியில் வில்லர்டு லிப்பி வகுத்தார். முன்பு கைப்பிடியளவு கரி தேவைப்பட்ட இடத்தில், துகள்முடுக்கி நிறமாலைமானி எனப்படும் பிற்காலக் கருவி ஒரேயொரு தானியமணியைக் கொண்டே அளந்துவிடுகிறது. கரித்துண்டில் ஒரு சிக்கல் உண்டு: இருநூறு ஆண்டு நின்ற மரத்தின் நடுவயிரத்திலிருந்து வந்த கரியாக அது இருந்தால், மரம் வெட்டப்பட்ட காலத்தைவிட மிகப் பழைய ஆண்டையே அது காட்டும். நெல்லுக்கு அந்தப் பிழை கிடையாது. அது ஒரு பருவத்தில் முளைத்து அதே பருவத்தில் அறுவடையாவது. படையலுக்கு வைத்த நெல் அதிகம் போனால் ஓரிரு ஆண்டுப் பழையதாக இருக்கலாம். ஆகவே நெல்லின் வயது கல்லறையின் வயதே ஆகும்.

அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்ட பொருந்தல் நெல் கி.மு. 490 என்ற காலத்தைத் தந்தது. 2011ஆம் ஆண்டு இம்முடிவு வெளிவந்தபோது தென்னிந்திய எழுத்து வரலாற்றில் அது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. மதுரையைச் சுற்றியுள்ள குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் 1924ஆம் ஆண்டு நிறுவியது முதல், அவற்றை விரிவாக ஆய்ந்து 2003இல் பெருநூலாக வெளியிட்ட ஐராவதம் மகாதேவன் வரை, பெரும்பாலான கல்வெட்டறிஞர் ஏற்ற கருத்து இதுதான்: பிராமி எழுத்து அசோகர் காலத்தை ஒட்டி வடக்கே உருவாகித் தெற்கே வந்தது, தமிழ் மொழிக்கேற்ப மாற்றம் பெற்று கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் பாண்டிய நாட்டில் வழக்கில் வந்தது. அசோகரின் ஆட்சிக்காலம் ஏறத்தாழ கி.மு. 268 முதல் 232 வரை. பொருந்தல் கல்லறை காட்டும் காலம் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முந்தியது. தலைநகரில் எழுதப்பட்ட அரச ஆணையாகவும் இல்லாமல், குகைவாழ் துறவியருக்கு அளித்த கொடைக் குறிப்பாகவும் இல்லாமல், மலையடிவாரத்து ஊரொன்றில் பானை வைக்கும் பிரிமனையில் எழுதப்பட்டதாக அது இருந்தது கூடுதல் வியப்பு. அதைக் கீறியவர் எழுத்தறிந்தவர். அதைப் படிக்கத்தக்கவர்களும் அந்த ஊரில் இருந்திருக்க வேண்டும்.

ஒரு சாடித் தானியம் ஒரு நாட்டின் எழுத்து வரலாற்றைத் திருத்த முடியுமா என்ற கேள்விக்கு, பொருந்தலிலிருந்து வெகு தொலைவில், இன்றைய துருக்கி நாட்டில், அங்காராவுக்குத் தென்மேற்கே உள்ள கோர்டியன் நல்ல விடை தருகிறது. துருக்கியின் தொல்லியல் என்றவுடன், கி.மு. 10ஆம் ஆயிரமாண்டில் தூண்கள் நிறுத்தப்பட்ட கோபெக்லி டெப்பேயும், ஷ்லீமன் தோண்டிய டிராய் நகரும், ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹத்தூசாவும் நினைவுக்கு வரும். தமிழக வாசகருக்கு அவை எல்லாவற்றிலும் மேலான பாடம் கோர்டியனில் உள்ளது. சகார்யா ஆற்றங்கரையில் அமைந்த அது பிரிஜிய அரசின் தலைநகர், தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் பெற்றதாகக் கிரேக்கர் கதை கட்டிய மிடாஸ் மன்னனின் ஊர், கி.மு. 333இல் அலெக்சாண்டர் அவிழ்க்க முடியாத முடிச்சை வாளால் வெட்டியதாகச் சொல்லப்படும் இடம். நகரைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஈமக் குன்றுகள், அதாவது இறந்தோர்மீது மண்ணைக் கொட்டிக் குன்றாக எழுப்பிய சமாதிகள், நிற்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது இன்றும் ஐம்பது மீட்டருக்கும் மேல் உயரமுடையது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ராட்னி யங் 1950 முதல் அங்கே அகழ்ந்தார். 1957இல் அவர் அந்தப் பெருங்குன்றுக்குள் சுரங்கம் வெட்டிச் சென்று, மரத்தூலங்களால் கட்டப்பட்ட அறையைக் கண்டார். அறைக்குள் அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஆணின் எலும்புக்கூடும், வேலைப்பாடு மிகுந்த மரச்சாமான்களும், நூற்றுக்கும் மேற்பட்ட வெண்கலக் கலங்களும் இருந்தன. கலங்களில் ஒட்டியிருந்த எச்சங்களைப் பிற்காலத்தில் வேதியியல் முறையில் ஆய்ந்தபோது, ஆட்டிறைச்சியும் பருப்பும் சேர்ந்த குழம்பும், திராட்சை மது, வாற்கோதுமை மது, தேன்மது மூன்றும் கலந்த பானமும் இறுதிச் சடங்கு விருந்தில் பரிமாறப்பட்டது தெரியவந்தது. கிண்ணங்கள் சிலவற்றில் தேன்மெழுகைத் தடவி, அதன்மீது பழைய பிரிஜிய எழுத்தில் பெயர்களைக் கீறி வைத்திருந்தனர். 2007ஆம் ஆண்டு அதே அறையின் கூரை உத்தரம் ஒன்றில் வெட்டப்பட்டிருந்த பெயர்களும் கண்டறியப்பட்டன. அறை மூடப்படும் முன்பே எழுதப்பட்டவை அவை. இறந்தவருக்கு உணவும் கலமும் வைத்து, கலத்தின்மீது பெயரையும் எழுதி மூடிய வழக்கம், ஒன்றையொன்று அறியாத இரு நாடுகளிலும் இவ்வளவு ஒத்திருப்பதற்கு நேரடித் தொடர்பு எதையும் கற்பிக்கத் தேவையில்லை. எழுத்து ஒரு சமூகத்துக்குள் வந்த புதிதில், அது பெயரோடும் உடைமையோடும் முதலில் ஒட்டிக்கொள்வது பல இடங்களிலும் காணப்படுவதே.

கோர்டியன் நகரின் ஒரு மண்ணடுக்கு முழுவதும் தீயால் அழிந்திருந்தது. யங் அதைக் கி.மு. 700ஐ ஒட்டியது எனக் கணித்தார். கிம்மேரியர் என்ற நாடோடிக் கூட்டத்தார் படையெடுத்து வந்ததாகவும் மிடாஸ் மாய்ந்ததாகவும் கிரேக்க ஆசிரியர் எழுதிய செய்தியே அதற்கு அடிப்படை. நாற்பதாண்டுக் காலம் துருக்கியின் இரும்புக்கால வரலாறு முழுவதும் அந்த ஆண்டைத் தாங்குகோலாகக் கொண்டே அமைக்கப்பட்டது. பின்னர், எரிந்த கட்டடங்களின் தரையில் சேமிப்பாகக் கிடந்த வாற்கோதுமை, மைசூர்ப் பருப்பு, ஆளிவிதை ஆகியவற்றைக் கதிரியக்கக் கரி முறையில் அளந்தபோது, தீவிபத்து கி.மு. 800ஐ ஒட்டியது என்ற முடிவு கிடைத்தது. பெருங்குன்றின் மரத்தூலங்களை ஆண்டுவளையங்களைக் கொண்டு ஆய்ந்ததில் அச்சமாதி கி.மு. 740ஐ ஒட்டியது என்றும், எனவே உள்ளே கிடந்தவர் மிடாஸாக இருக்க முடியாது, அவர் தந்தையாகலாம் என்றும் தெரிந்தது. ஒரு நூற்றாண்டு முழுவதும் பின்னோக்கி நகர்ந்தது. கிரேக்கரிடமிருந்தே பிரிஜியர் எழுத்தைக் கற்றனர் என்ற எளிய விளக்கமும் அதனோடு ஆட்டம் கண்டது. ஏனெனில் கோர்டியனின் மிகப் பழைய எழுத்துகள் கிரேக்கத்தின் மிகப் பழைய எழுத்துகளுக்கு நிகரான காலத்தை எட்டின. கிரேக்க நூலாசிரியர் கூற்றை நம்பி எழுப்பிய கட்டுமானத்தைத் தானியப் பானையிலிருந்து எடுத்த சில மணிகள் திருத்தின. எதிர்ப்பு இல்லாமலில்லை, ஆயினும் பல மாதிரிகள், இரு வேறு முறைகள், வெளிப்படையான விவாதம் ஆகியவற்றின் வழியே புதிய காலவரிசை நிலைபெற்றது.

பொருந்தலுக்கு இங்கே ஒரு வேறுபாடு உண்டு. அதை மறைக்காமல் சொல்வதே வரலாற்றுக்குச் செய்யும் நேர்மை. கதிரியக்கக் கரி தரும் எண்ணை நேரடியாக ஆண்டாகக் கொள்ள முடியாது. வளிமண்டலத்தில் அக்கரியின் அளவு காலந்தோறும் மாறியிருப்பதால், ஆண்டுவளையங்களிலிருந்து வகுத்த திருத்த வளைகோட்டோடு ஒப்பிட்டே ஆண்டைப் பெற வேண்டும். அந்த வளைகோடு கி.மு. 800 முதல் 400 வரையுள்ள காலத்தில் ஏறத்தாழ சமதளமாகக் கிடக்கிறது. இதை ஹால்ஸ்டாட் சமதளம் என்பர். கோர்டியனின் தானியங்கள் அந்தச் சமதளம் தொடங்குவதற்குச் சற்று முன் விளைந்தவை; எனவே அவற்றின் காலம் கூர்மையாக அமைந்தது. பொருந்தல் நெல் சமதளத்தின் நடுவே விளைந்தது. ஆகவே கி.மு. 490 என்பதை நாட்காட்டி ஆண்டாக மேடைகளில் முழங்குவது தவறு. அது ஒரு நீண்ட இடைவெளியின் பிரதிநிதி எண் மட்டுமே. ஆனால் இதே உண்மைக்கு மறுபக்கமும் உண்டு. சமதளத்தின் கடைசி முனையான கி.மு. 400ஐ ஒட்டிய ஆண்டையே எடுத்துக்கொண்டாலும், அது அசோகருக்கு நூறாண்டுக்கும் மேல் முந்தியதாகவே நிற்கிறது. துல்லியம் குறையலாம், முன்மை குறையவில்லை. பொருந்தல் முடிவை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் பெரும்பாலும் ஓர் எண்ணைப் பற்றியே வாதிட்டனர். வாதிட்டிருக்க வேண்டியது இந்த இடைவெளியின் கீழெல்லையைப் பற்றி.

ஒரேயொரு மாதிரியை வைத்து எழுத்தின் வரலாற்றை மாற்றக் கூடாது என்று மூத்த கல்வெட்டறிஞர் எழுப்பிய மறுப்பு நியாயமானது. அதற்கு விடையாகப் பொருந்தலிலிருந்தே இரண்டாவது நெல் மாதிரியும் அளக்கப்பட்டு, கி.மு. 450 என்ற காலத்தைத் தந்தது. இலங்கையின் அனுராதபுரத்தில் சிரான் தெரணியகலையும் ராபின் கன்னிங்காமும் நடத்திய அகழாய்வுகளில், பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டு அடுக்குகளில் கிடைத்திருந்தன என்பது முன்னரே தெரிந்த செய்தி. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலின் காலக்கணிப்புகளும் அதை ஒட்டியே வந்தன. 2019ஆம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் கீழடியின் ஒரு மாதிரி கி.மு. 580 எனக் காட்டியது. இவற்றுள் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துக் குறை சொல்ல இயலும். குறிப்பாக வாழ்விட மேடுகளில் மண்ணடுக்குக்கும் எழுத்தோட்டுக்கும் உள்ள உறவு வலுவாக நிறுவப்பட வேண்டும். ஆயினும் வெவ்வேறு ஆற்றுப்படுகைகளிலிருந்து, வெவ்வேறு குழுவினர் எடுத்த சான்றுகள் ஒரே திசையில் சாய்கின்றன. அவற்றுள் பொருந்தலின் சான்றே கட்டுக்கோப்பானது. மூடிய அறை, குறுகிய ஆயுளுடைய தானியம், அருகிலேயே எழுத்து என்ற மூன்றும் அங்கே மட்டும் ஒன்று சேர்ந்தன.

சமவெளியின் தென்விளிம்பும் இதே கதையை வேறு வகையில் சொல்கிறது. வைகைக் கரையில், இன்றைய தேனி மாவட்டத்து ஆண்டிப்பட்டி வட்டத்திலுள்ள புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு ராஜனும் அவருடைய ஆய்வு மாணவர்களும் தமிழ் பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த வீரனுக்கு எடுத்தது. அதன்பின் திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டை வட்டத்திலுள்ள தாதப்பட்டியிலும் அத்தகைய எழுத்துடைய நினைவுக்கல் கிடைத்தது. அதுவரை தமிழகத்தில் அறியப்பட்ட எழுத்துடைய நடுகற்கள் செங்கம் பகுதியைச் சார்ந்தவை, அவை கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டியோ அதற்குப் பின்னரோ எழுந்தவை. தொல்காப்பியமும் சங்கப் பாடல்களும் கூறும் நடுகல் மரபு பாடுவோர் கற்பனையோ என்று ஐயுற்றோருக்கு வைகைக் கரைக் கற்கள் மறுப்பாக அமைந்தன. மாடு மேய்க்கும் ஊரில் மாண்ட ஒருவனின் பெயரை எழுத்தில் வெட்டி நிறுத்தியவர்களும், பொருந்தலில் பிரிமனையில் கீறியவர்களும், அரண்மனையைச் சார்ந்தவர் அல்லர். எழுத்து எங்கே பிறந்தது என்ற பூசலைவிட, அது இவ்வளவு விரைவில் இவ்வளவு கீழே, அன்றாட மனிதரின் கைக்கு எப்படி வந்தது என்பதே ஆய்வாளர் இனி நெடிது ஆராய வேண்டிய பொருளாகும்.

அதற்கான ஒரு விடையின் தொடக்கம் பாசிமேட்டில் கிடைக்கிறது. அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. மணி செய்யும் தொழில் அங்கேயே நடந்ததற்கான தடயங்களும் உள்ளன. உருகிய கண்ணாடியை ஊடே துளையுடைய நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்கி விளிம்புகளை மழுக்குவது இந்தோ-பசிபிக் மணிகளின் செய்முறை. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை இத்தொழில் உயிரோடு இருந்தது. மணிகள் மிகச் சிறியவை; எண்ணி, நிறுத்து, பையில் கட்டி, யாருக்குச் சொந்தம் என்று அடையாளமிட்டே நெடுந்தொலைவு அனுப்பப்பட வேண்டியவை. சூதுபவளம் குஜராத்திலிருந்து வந்திருக்கலாம். பச்சைக்கல் கொங்கு நாட்டிலேயே காங்கயத்தை அடுத்த பகுதிகளில் கிடைத்தது. பணம் ரோமானியப் பொன்னாக மேற்கிலிருந்து வந்தது. இத்தகைய வழியின்மேல் வாழ்ந்தவர்களுக்கு எழுத்து அலங்காரமாக இராமல் தொழில்முறைத் தேவையாக இருந்திருக்கும்.

கோர்டியனின் பெருங்குன்று இன்று சுரங்கவழியோடு பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. அதன் எதிரிலேயே 1963 முதல் அருங்காட்சியகம் இயங்குகிறது. 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கீழடிக்கும் அதே 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்த அளவு கவனம் பொருந்தலுக்கு இன்னும் கிட்டவில்லை. அகழ்ந்த நான்கு கல்லறைகளைத் தவிர, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் முழுவதும் இன்னும் திறக்கப்படாத கல்வட்டங்கள் ஏராளம். அவற்றின் உருண்டைக் கற்கள் வரப்புக்கும் அடித்தளத்துக்கும் உதவுவதாலும், மூடுகற்கள் உடைத்துப் பயன்படுத்த ஏற்றவையாய் இருப்பதாலும், நிலத்தைச் சமன் செய்ய வரும் ஜேசிபி இயந்திரத்துக்கு அவை இடையூறாகத் தெரிவதாலும், ஆண்டுதோறும் அவற்றில் ஒரு பகுதி அழிகிறது. கல்லைப் புரட்டியவர் பொன் தேடுகிறார். கிடைத்த கறுத்த நெல்லை மண் என்று எறிந்துவிடுகிறார். ஆனால் இச்சமவெளியின் அடுத்த காலக்கணிப்புக்கு வேண்டியது அந்த நெல்தான். சமதளத்தின் குழப்பத்தை வெல்ல, ஒரே கல்லறையில் பல மாதிரிகளும், வரிசையாகப் பல கல்லறைகளும் அளக்கப்பட வேண்டும். அதற்குத் தொடப்படாத கல்லறைகள் எஞ்சியிருக்க வேண்டும்.

ஆகவே பழனி, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, ஆத்தூர் வட்டங்களில் நிலம் வைத்திருப்போர், தம் காட்டில் வட்டமாகக் கிடக்கும் கற்களையோ, துளையிட்ட பலகையையோ, எழுத்துள்ள ஓட்டையோ கண்டால், அதை நகர்த்தாமல் அப்படியே விட்டு, வட்டாட்சியருக்கோ தமிழ்நாடு தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். மண்ணுக்குள் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.